பூத்தும் காய்க்காத அப்பிள்: கல்லடி வளவொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில், பதினைந்து பேர்ச் வளவு. வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் அவருடைய கணவரும் இருக்கிறார்கள். மகள் கலியாணம் முடித்து மலைநாட்டில் பண்டாரவளைப் பக்கம். வடக்கு வேலியோரத் தென்னைகள் 1978 நவம்பர்ச் சூறாவளியில் பழைய மரங்கள் எல்லாம் சாய்ந்த பிறகு வைத்தவை. மா, தேசி, முருங்கை, இரண்டு கறிவேப்பிலை, கிணற்றடியில் வாழை என்று இந்தக் கரையில் எந்த வளவிலும் இருப்பவைதான் அங்கும் இருந்தன.

2018 மாரிக்கு முன்னர் இரண்டு அப்பிள் ஒட்டுக்கன்றுகளை வாங்கி நட்டார்கள். அப்பிள் தனிமரமாக நின்றால் காய்க்காது, சோடி வேண்டும் என்று யாரோ சொன்னதால் இரண்டு. இரண்டும் ஒரே நாற்றுமேடையில், ஒரே வரிசையில் இருந்து எடுத்தவை. கன்றில் தொங்கிய துண்டில் ‘அப்பிள் ஒட்டு’ என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன வருக்கம் என்று அங்கே நின்றவருக்கும் தெரியவில்லை. இந்த ஆய்வு முழுவதும் அந்தத் துண்டைச் சுற்றித்தான் நடக்கிறது.

வீட்டுத்தோட்டக்காரருக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. அந்த வளவுக்குள் நான் முதலில் போனது 2021 கடைசியில். அதற்கு முந்தியவை அவர்கள் சொல்லக் கேட்டவை. பிந்தியவை நேரில் பார்த்தவை.

இந்தக் கரையில் அப்பிளுக்கு என்ன தடை

அப்பிள் குளிர்நாட்டு மரம். குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, போதிய குளிர் பட்ட பிறகே மொட்டு விழிக்கும். அந்தக் குளிரை 7 பாகை செல்சியசுக்குக் கீழே கழிந்த மணித்தியாலங்களாகக் கணக்கிடுவது வழக்கம். பேர்போன பழைய வருக்கங்களுக்கு ஆயிரம் மணித்தியாலம் வரை வேண்டும். இஸ்ரேலில் உருவாக்கிய அன்னா, பகாமாசில் கண்டெடுத்த டோர்செட் கோல்டன் போன்றவற்றுக்குச் சில நூறும் அதற்குக் குறைவும் போதும். மட்டக்களப்பில் மார்கழி, தை இரவுகளிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே போவது அபூர்வம். கணக்குப்படி நமக்குக் கிடைக்கும் குளிர் மணித்தியாலம் பூச்சியம்.

அதனால் இங்கே அப்பிள் பூக்கவே பூக்காது என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. கிழக்கு ஜாவாவில் பத்து என்ற மலையூரைச் சுற்றிப் பல பத்தாண்டுகளாக அப்பிள் பயிராகிறது. அதுவும் ஆண்டுக்கு இரண்டு போகம். அறுவடை முடிந்து ஒரு மாதமளவில் இலைகளைக் கையால் உருவி, கிளைகளைக் கிடையாக வளைத்துக் கட்டுவார்கள். மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும் முன்னரே, அதை அடக்கி வைத்திருக்கும் இலையை அகற்றினால் குளிரில்லாமலே மொட்டு விரியும். பத்து கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நாங்கள் கடல் மட்டத்தில் இருக்கிறோம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இராப்பொழுதின் வெக்கை பழத்தின் நிறத்தையும் இறுக்கத்தையும் கெடுக்கும்.

முதல் மூன்று ஆண்டுகள்

கன்றுகள் உயிர் பிழைத்தன, வளர்ந்தன, பூக்கவில்லை. ஒரு மரம் முற்றத்தின் கிழக்கு மூலையில், காலை வெயில் படும் இடத்தில். மற்றது கிணற்றடியில். கிணற்று நீர் மாரியில் நல்ல நீர். ஆடி, ஆவணியில் உவர்க்கும். உப்பைப் பொறுக்கும் மரமல்ல அப்பிள். கிணற்றடி மரத்தின் இலையோரங்கள் ஆண்டுதோறும் கச்சான் காற்றுக் காலத்தில் தீய்ந்து சுருண்டதாக ஆசிரியை சொன்னார். பொச்சுமட்டை புதைத்து, மாட்டெரு போட்டு, அடியில் சருகு மூடி மண்ணின் ஈரத்தைக் காத்திருக்கிறார்கள். அந்த மணலில் அந்தப் பராமரிப்பு இல்லாவிட்டால் மரங்கள் மூன்றாம் ஆண்டைக் கண்டிராது.

2021: எதிர்பாராத பூ

2021 ஓகஸ்டில் கணவனும் மனைவியும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடு முழுவதும் ஊரடங்கு, திரும்ப முடியவில்லை. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல், கச்சானும் அடித்து, இரண்டு மரங்களும் இலையெல்லாம் கொட்டி நின்றன. பட்டுவிட்டன என்றே பக்கத்து வீட்டார் தொலைபேசியில் சொன்னார்கள். திரும்பி வந்து தண்ணீர் விட்டு, ஒக்டோபரில் முதல் மழையும் பெய்தபோது, மொட்டைக் கிளைகளில் இளஞ்சிவப்பு மொட்டுகள் கட்டின. இரண்டு மரமும் ஒரே கிழமையில் பூத்தன.

ஆசிரியை சித்திரத் தூரிகை ஒன்றை எடுத்து, இந்த மரத்துப் பூவை அந்த மரத்துக்கும் அந்த மரத்துப் பூவை இந்த மரத்துக்குமாகத் தொட்டிருக்கிறார். இதழ் உதிர்ந்த பின் பட்டாணி அளவுகூட வராமல் எல்லாம் காம்போடு கொட்டின. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இஞ்ச தேனீ குறைவு. பெட்டி ஒண்டு வாங்கி வைக்கட்டா?”

“வைக்கலாம் டீச்சர். முதல்ல மிச்சமிருக்கிற பூவில என்னென்ன வருகுது எண்டு காலமையில பாப்பம்.”

கவனித்தவை

பிந்திப் பூத்த சில கொத்துகள் கிழக்கு மூலை மரத்தில் இருந்தன. காலை ஏழு மணிக்குள் கொசுத்தேனீ வந்துவிட்டது. சற்று வெயில் ஏறியதும் நாட்டுத் தேனீயும் வந்தது. முருங்கைப் பூவையும் தென்னம்பாளையையுமே அவை கூடுதலாக நாடின. ஆனாலும் அப்பிள் பூவை ஒதுக்கவில்லை. காலில் மகரந்தத்தோடு ஒரே கொத்தில் பூவுக்குப் பூ நடந்ததைப் பார்த்தோம். அத்தோடு, தூரிகையால் தொட்ட பூக்களும் கொட்டியிருக்கின்றன. தேனீயின் வேலையைக் கை செய்தும் காய் பிடிக்கவில்லை என்றால் குறை வேறிடத்தில் இருக்க வேண்டும். பெட்டி வாங்கும் யோசனையை அன்றே கைவிட்டோம்.

கீழே கொட்டிய பிஞ்சு ஒன்றைப் பிளேட்டால் குறுக்கே வெட்டினேன். அப்பிளின் நடுவில் ஐந்து அறை, ஒவ்வொன்றிலும் வழக்கமாக இரண்டு விதைக்கு இடம். ஐந்து அறையும் ஒழுங்காக இருந்தன. உள்ளே இருந்த சூல்கள் எல்லாம் தட்டையாக, மண்ணிறமாக வாடிக்கிடந்தன. நாலைந்து பிஞ்சு வெட்டியும் கருக்கட்டிய சூல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

பிறகு இரண்டு மரத்தையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டோம். இலையின் பல்விளிம்பு, காம்பின் நீளம், இளங்கிளையின் நிறம், பூவிதழின் பின்புறச் சிவப்பு, பூத்த நாள் எல்லாம் ஒன்றே. ஒரே தாய்மரத்தில் வெட்டிய குச்சிகளை ஒட்டியே இரண்டையும் உருவாக்கியிருக்கிறார்கள் என்பது தெளிவாயிற்று.

ஒட்டுக்கன்று என்பது தாய்மரத்தின் உடம்பேதான். அப்பிளின் சூலகம் தன்னுடைய மகரந்தத்தை அடையாளம் கண்டு, அதிலிருந்து சூலை நோக்கி இறங்கும் குழாய் வளராமல் தடுத்துவிடும். ஒரே வருக்கத்தில் இரண்டு மரம் நின்றாலும், இருபது மரம் நின்றாலும் சூலகத்துக்கு அது தன் மகரந்தம்தான். வெப்ப இடங்களில் ஓரளவு தானாகக் காய்க்கும் அன்னாவுங்கூட, டோர்செட் கோல்டன் போன்ற வேறொன்று அதே நாளில் பக்கத்தில் பூத்தால்தான் நிறையக் காய்க்கும். ‘சோடி வேண்டும்’ என்ற சொல் சரி. சோடி என்றால் இரண்டு கன்றல்ல, இரண்டு வருக்கம். இதைக் கன்று விற்கும் இடத்தில் சொல்லியிருந்தால் இந்தக் குடும்பத்துக்கு மூன்று ஆண்டு மிச்சப்பட்டிருக்கும். அதை நினைக்க எனக்கு இன்றும் மனவருத்தம்தான்.

2022: முடிவுகளும் காரணங்களும்

அடுத்த ஆண்டு மரங்களை வாடவிடாமல், உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்நீரை ஊற்றினார்கள். இலை செழித்தது, பூ வரவில்லை. 2021 பூவுக்கு இலையுதிர்வுதான் காரணம் என்ற ஊகம் இதனால் வலுப்பட்டது. இனித் தண்ணீரை நிறுத்தி மரத்தை வருத்துவதைவிட, இலையைக் கையால் உருவுவது பாதுகாப்பு என்று தீர்மானித்தோம்.

இரண்டாவது வருக்கத்துக்கு மூன்று வழிகள் இருந்தன. வேறு வருக்கக் கன்று நடுவது: பூக்க மூன்று நான்கு ஆண்டு செல்லும், வளவில் வெயில் படும் இடமும் இல்லை. இருக்கிற மரத்தில் வேறு வருக்கக் கிளை ஒட்டுவது: இடம் வேண்டாம், ஆனால் இதற்கும் இரண்டொரு ஆண்டு பொறுக்க வேண்டும். மகரந்தத்தை மட்டும் வேறிடத்திலிருந்து கொண்டுவருவது: அடுத்த பூவிலேயே பலன் தெரியும், தெரியாவிட்டால் எங்கள் ஊகம் பிழை என்றாவது தெரியும். மூன்றாவதை முதலில் செய்து, அது பலித்தால் இரண்டாவதுக்குப் போவது என்று பேசிக்கொண்டோம்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் பயணப்பெட்டியில் குச்சி கொண்டுவரலாம் என்றார். வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் தாவரப் பொருள் கொண்டுவரக் கூடாது. கட்டுநாயக்காவில் தாவரத் தொற்றுக்காப்பு நிலையம் இருப்பதே, ஒரு குச்சியோடு வரும் நோய் ஊர்த் தோட்டங்களுக்குள் இறங்காமல் தடுக்கத்தான்.

மகள் வீட்டுக்கு அயலில் பழைய அப்பிள் மரம் ஒன்று நின்றது. பச்சைக் காய், கடும் சிவப்பு மொட்டு. பெயர் தெரியாது, கல்லடி மரம் இல்லை என்பது மட்டும் பார்த்ததும் தெரிந்தது. எங்களுக்குத் தேவையானதும் அவ்வளவுதான்.

இலை உருவியதும் மகரந்தம் வந்ததும்

காலத்தைத் தெரிவதில் நிறைய யோசித்தோம். மட்டக்களப்பின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை விழும். பூ மழையில் நனைந்தால் மகரந்தம் கழுவுண்டு போகும். மார்ச் தாண்டினால் வெயில் ஏறி, பூவில் மகரந்தம் ஒட்டும் நுனியான சூல்முடி காய்ந்துவிடும். நடுவில் கிடைப்பது ஜனவரிக் கடைசியும் பெப்ரவரியும். அதற்கேற்ப 2022 டிசம்பர்த் தொடக்கத்தில் கிளைகளைக் கயிற்றால் வளைத்துக் கல் கட்டினோம். மாதக் கடைசியில் கிழக்கு மூலை மரத்தின் இலை முழுவதையும், கிணற்றடி மரத்தில் பாதிக் கிளைகளின் இலையையும் உருவினோம். இலையைக் கீழ்நோக்கி இழுத்தால் காம்படி மொட்டும் கூட வந்துவிடும். மேல்நோக்கி, நுனிப்பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டும். மலையில் மொட்டு மெதுவாக விழிக்கும் என்பதால் அங்குள்ள மரத்தில் பத்து நாள் முந்தியே உருவச் சொல்லியிருந்தோம்.

மகரந்தம் எடுப்பதற்கு விரிந்த பூ உதவாது. நாளைக்கு விரியும் என்ற பருவத்தில் பலூன்போல உப்பியிருக்கும் மொட்டைப் பறிக்க வேண்டும். மகள் அவற்றைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, மகரந்தப் பைகளைச் சின்னச் சீப்பால் வெள்ளைத்தாளில் உதிர்த்தார். அப்போது பைகள் வெளிர்மஞ்சளாக, மூடியிருக்கும். காற்றடிக்காத அறையில் ஒருநாள் விட, அவை வெடித்து மண்ணிறமாகி, தாளில் மஞ்சள் தூள் படிந்தது. அதைச் சிறு கண்ணாடிப் போத்தலில் போட்டு, சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்றையும் வைத்து, இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். ஈரம் படாமல் குளிரில் வைத்தால் சில கிழமைகளுக்குத் தூள் உயிரோடு இருக்கும். பிறகு ஐஸ் போட்ட பிளாஸ்கில் பதுளை வழியாக பஸ்ஸில் வந்து சேர்ந்தது.

இரண்டு போத்தலாகப் பிரித்து வைக்கச் சொன்னது பின்னர் கைகொடுத்தது. கல்லடியில் முதல் பூக்கள் விரிந்தபோதே, 2023 பெப்ரவரி முதல் நாட்களில், வங்கக் கடலில் உருவான தாழமுக்கம் கிழக்குக் கரையைக் கடந்தது. காற்றிலும் மழையிலும் விரிந்த பூவெல்லாம் போயிற்று. மழை விட்டபின் விரிந்த பூக்களுக்கு இரண்டாவது போத்தலைத் திறந்தோம். குளிரிலிருந்து எடுத்த போத்தலை உடனே திறந்தால் உள்ளே வியர்த்துத் தூள் கெட்டுவிடும். அரைமணி நேரம் மூடியபடி வெளியே வைத்துவிட்டே திறந்தோம்.

நூல் கட்டிப் பார்த்தது

காய்ப்பதோடு காரணமும் தெரிய வேண்டும் என்பதற்காகக் கொத்துகளை மூன்றாகப் பிரித்தோம். மலைமரத்து மகரந்தம் தொட்ட கொத்துக்குச் சிவப்பு நூல். கிணற்றடி மரத்து மகரந்தம் தொட்டதற்கு வெள்ளை நூல். எதுவும் தொடாதவற்றுக்கு நீல நூல். மொட்டிலேயே எல்லாவற்றுக்கும் பழைய நுளம்பு வலையில் பை தைத்துக் கட்டி, தேனீ புகாமல் மறைத்தோம்.

அப்பிள் கொத்தில் ஐந்தாறு பூ இருக்கும். நடுப்பூ முதலில் விரியும். பெரிய காய் தருவதும் அதுவே. நடுப்பூவையும் பக்கப்பூ ஒன்றையும் மட்டும் தொட்டோம். சூலகத்தின் நுனி ஐந்தாகப் பிரிந்திருக்கும். ஐந்திலும் தூள் பட வேண்டும், ஒரு நுனியைத் தடவிவிட்டுப் போகக் கூடாது. அது பளபளவென்று பிசுபிசுப்பாக இருக்கும்போதே தூள் ஒட்டும். ஆசிரியைக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை என்று பேரன் கைவிளக்கைப் பிடித்தான். “அம்மம்மா, இதில அஞ்சாவது காயேல்ல” என்று அவன் காட்டிக் காட்டித் தொட்டார்கள். காலை ஆறரைக்குத் தொடங்கி, வெயில் சுடும் முன் நிறுத்திவிடுவோம். முதல்நாள் விரிந்து மறுநாள் மதியம் வரை விட்ட பூக்களில் அந்த நுனிகள் கருகியிருந்தன. குளிர்நாட்டில் சில நாள் கிடைக்கும் அவகாசம் இங்கே ஏறத்தாழ ஒரு நாள்.

சீனாவின் சிச்சுவான் மாகாணத்து மாவோசியன் பகுதியில் தோட்டக்காரர்கள் மரத்தில் ஏறி, கோழியிறகுத் தூரிகையால் அப்பிளுக்கும் பேரிக்கும் இப்படித் தொட்டு வந்திருக்கிறார்கள். இரண்டு மரத்துக்கே இவ்வளவு பொறுமை வேண்டியிருந்தது. முழுத் தோட்டத்துக்கும் செய்தவர்களை எண்ணி ஆசிரியை மலைத்துப்போனார்.

விளைவு

இரண்டு கிழமைக்குள் வெள்ளை நூலும் நீல நூலும் கட்டிய கொத்துகள் வெறும் காம்பாயின. சிவப்பு நூல் கொத்துகளில் பாதிக்கு மேல் பிஞ்சு நின்றது. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நின்ற பிஞ்சிலும் ஒரு பங்கு மார்ச் நடுவில் உதிர்ந்தது. மரம் தாங்குமளவுக்கு மேல் வைத்திருக்காது. கொத்துக்கு ஒன்று என்று நாங்களும் குறைத்தோம். பழ ஈக்கும் அணிலுக்குமாகக் கடதாசிப் பை கட்டினோம். மே மாதத்தில் பத்துப் பன்னிரண்டு பழம் பறித்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. மஞ்சள் கலந்த பச்சை, வெயில் பட்ட கன்னத்தில் மட்டும் லேசான சிவப்பு. புளிப்புத் தூக்கல். மரத்தில் கூட இரண்டு நாள் விட்டால் மாவாகிவிடும். கடையில் வாங்கும் பழத்தை எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றமாக இருக்கும். 2022இல் அப்பிள் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்த அந்த வீட்டில் அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

சில பழங்கள் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பியிருந்தன. வெட்டிப் பார்த்தால் பருத்த பக்கத்து அறைகளில் விதை, சூம்பிய பக்கத்தில் வெறுமை. விதை இருக்கும் பக்கந்தான் சதை வளரும். ஐந்து நுனியும் தொட வேண்டும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று கிடையாது.

கிணற்றடி மரம் இலை உருவியதைத் தாங்கவில்லை. உருவிய பாதியில் இரண்டு கிளை நுனியிலிருந்து காய்ந்து வந்தது. வளைத்துக் கட்டிய கிளையின் மேற்பட்டை நேர்வெயிலில் வெந்து வெடித்தது. காய்ந்ததை வெட்டி, பட்டைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, அடுத்த ஆண்டு அந்த மரத்தில் இலை உருவவே இல்லை. உப்பால் ஏற்கெனவே நலிந்திருந்த மரத்திடம் இருந்த சேமிப்பையும் பறித்ததால் வந்த கேடு அது.

2024 தொடக்கத்தில் மலைமரத்துக் குச்சியைக் கிழக்கு மூலை மரத்தின் ஒரு கிளையில் ஒட்டினோம். பிடித்தது. 2025இல் அந்தக் கிளையில் இரண்டு மூன்று கொத்துப் பூ வந்தது. ஆனால் மற்றக் கிளைகளைவிட ஏறத்தாழ ஒரு கிழமை பிந்தி. இரண்டும் சேர்ந்து பூத்த கொஞ்ச நாளில் தூரிகை படாத பூக்களிலும் சில காய் பிடித்தன. கொசுத்தேனீயும் நாட்டுத் தேனீயும் வேலையைச் செய்துவிட்டன.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வருக்கப் பெயர் தெரியாத கன்றை வாங்கவே கூடாது. வாங்குவதானால் ஒரே காலத்தில் பூக்கும் இரண்டு வருக்கத்தை வெவ்வேறு பெயரோடு கேட்டு வாங்க வேண்டும். இடம் ஒன்றுக்கே இருந்தால் ஒரு மரம் வைத்து, இரண்டாம் ஆண்டிலேயே வேறு வருக்கக் கிளை ஒட்டிவிடலாம். உவர்நீர்க் கிணற்றடியில் அப்பிள் வேண்டாம்.

இலை உருவுவது நல்ல பலத்தோடு இருக்கும் மரத்துக்கு மட்டும், ஆண்டுக்கு ஒரு தடவை. ஜாவாவைப் பார்த்து இரண்டு போகம் என்று ஆசைப்பட்டால் இந்த மணலில் மரம் தாங்காது. வளைத்த கிளைக்கு இலை உருவும் அன்றே சுண்ணாம்பு அடிக்க வேண்டும், வெடித்த பிறகல்ல.

ஒட்டுக்கிளை பிந்திப் பூப்பதால், வரும் மாரிக் கடைசியில் அதன் இலையை ஒரு கிழமை முந்தி உருவுவதாக ஏற்பாடு. அது பொருந்தாவிட்டாலும் அந்தக் கிளையின் மொட்டிலிருந்தே தூள் எடுத்துப் போத்தலில் வைத்துக்கொள்ளலாம்; பண்டாரவளை போக வேண்டியதில்லை. கிணற்றடி மரத்தை இன்னும் ஒரு ஆண்டு பார்த்துவிட்டு, தேறாவிட்டால் எடுத்துவிட்டு அந்த இடத்தில் வாழை வைப்பதாக ஆசிரியை சொல்லியிருக்கிறார்.